எட்டு சாட்சி, ஒரே நிமிஷம்

"பஸ் ஸ்டாப்புல நிக்கிற எட்டுப் பேர்கிட்ட மணி கேளுங்க மேடம், எட்டு விதமா சொல்லுவாங்க. இங்க என்னடான்னா எட்டுப் பேரும் பதினொண்ணு அஞ்சுங்கிறாங்க. ஒருத்தருக்காவது ஒரு நிமிஷம் முன்னப்பின்ன இருக்கக் கூடாதா?"

ஸ்டூடியோவின் எடிட்டிங் அறை வாசலில், வாக்குமூலக் காகிதங்களை விசிறிபோல் விரித்து முகத்துக்கு வீசிக்கொண்டே கேட்டான் மேடத்தின் உதவியாள் பொத்தான். நாள் முழுக்க வீடியோ கேம் பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பதால் வந்த பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் அவனுடைய டிரைவிங் லைசென்ஸுக்கு மட்டும்தான் தெரியும்.

"விசிறாதே. அது ஒரு மனுஷனோட தலையெழுத்து," என்றார் மேடம்.

மேடம் இருபது வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர். ஊரார் சொன்ன பொய்யையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி எழுதி அலுத்துப்போய், ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொந்தமாகத் துப்பறியக் கிளம்பிவிட்டார்.

விஷயம் இதுதான். இந்த ஸ்டூடியோவில் ஒரு சினிமா எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரக் கதை, ஒன்றரை மணி நேரப் படம். கதையில் ஒரு நிமிஷம் போனால் பார்ப்பவனுக்கும் ஒரு நிமிஷம் போகும். 'மறுநாள் காலை' கிடையாது, 'பத்து வருடங்களுக்குப் பிறகு' கிடையாது. டைரக்டருக்கு ரொம்ப நாளாக இதே பைத்தியம். முதலில் டிவியில் ஒரு மணி நேரக் கதையை ஒரு மணி நேரத்தில் சொன்னார். அப்புறம் அதையே வீடியோ கேமாக விட்டார். அதைக் கடைசிவரை ஜெயித்த சொற்பப் பேரில் பொத்தானும் ஒருவன். இது அவன் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். இப்போது சினிமா. செட்டில் ஹால் சுவரில் ஒரு பெரிய கடிகாரம். பத்து மணிக்குக் கேமரா ஓட ஆரம்பித்தால் அதிலும் பத்து மணி. யாரும் கைக்கடிகாரம் கட்டக் கூடாது, செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். தப்பித்தவறி ஏதாவது படத்தில் விழுந்து வேறு மணி காட்டிவிட்டால் மானம் போய்விடுமாம்.

போன வியாழக்கிழமை கேமரா ஓடிக்கொண்டிருந்தபோது மேக்கப் அறையில் கண்ணாடி உடையும் சத்தம். உள்ளே தயாரிப்பாளர் மண்டை பிளந்து கிடந்தார். ஐந்து நாளாக நினைவு வரவில்லை. வராமலே போய்விட்டால் கொலை கேஸ்.

பிடிபட்டவன் ஒரு லைட்மேன். வேலை நடுவில் அடிக்கடி சொல்லாமல் வெளியே போகிறான் என்று அன்று காலைதான் தயாரிப்பாளர் அவனைப் பத்துப் பேர் முன்னால் கிழித்திருந்தார். அவனும் பதிலுக்கு எகிறியிருக்கிறான். கேட்டில் இருக்கும் நோட்டுப்படி அவன் வெளியே போனது 11.15. சத்தம் கேட்டது 11.05. அடித்துவிட்டுப் பத்தே நிமிஷத்தில் நழுவிவிட்டான் என்று போலீஸ் முடிவு கட்டியது. எங்கே போனாய் என்று கேட்டால் "வீட்டுக்கு" என்றான். எதற்கு என்றால் "சும்மா" என்றான். அந்த 'சும்மா' அவனைச் சும்மா விடவில்லை.

மேடத்தைத் தேடி வந்தவள் அவன் மனைவி. "அவர் இதைப் பண்ணல மேடம். வீட்டுக்கு வந்தப்ப சட்டைல ஒரு பொட்டு ரத்தமில்ல, கைல ஒரு கீறல் இல்ல. அந்தச் சட்டையைத் துவைக்கிறவ நான்," என்றாள். அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எட்டு சாட்சிகளில் தலையான சாட்சி அவளைப் பெற்ற அப்பாவேதான். செட்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவர், அதனால் எல்லோருக்கும் சாவி மாமா. 'கடிகாரம் சரியான கடிகாரம், நானே சாவி கொடுத்து வைத்தது' என்று எழுதிக் கொடுத்திருந்தார். சொந்த மருமகன் என்றும் பாராமல் உண்மை பேசிய பெரிய மனுஷர் என்று இன்ஸ்பெக்டருக்கு அவர்மேல் ஏகப்பட்ட மரியாதை.

எடிட்டிங் அறைக் கதவு திறந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு எடிட்டர் அம்மா எட்டிப் பார்த்தார். "வாங்க. டைரக்டர் வர்றதுக்குள்ள பாத்துட்டுக் கிளம்பிடுங்க."

திரையில் ஹால் விரிந்தது. நடுவில் அம்மா வேஷக்காரி பேசிக்கொண்டிருந்தாள். ஹீரோ பின்கதவு வழியே வெளியே போனான். சுவர்க் கடிகாரத்தில் 11.03. இரண்டு நிமிஷம் கழித்து எங்கோ உள்ளே கண்ணாடி நொறுங்கியது. கடிகாரத்தில் முள் சரியாக ஐந்தில். அம்மா வேஷக்காரி ஒரு நொடி கண் சிமிட்டிவிட்டு வசனத்தைத் தொடர்ந்தாள்.

"யாருமே எழுந்து போய்ப் பாக்கலையா?" என்று கேட்டான் பொத்தான்.

"டேக் ஓடுதேப்பா. நடுவுல ஒருத்தர் நகந்தாலும் முழுப் படமும் போச்சு. ஏதோ சாமான் விழுந்துதுன்னு நினைச்சுக்கிட்டோம். முடிஞ்சப்புறம்தான் போய்ப் பாத்தோம்."

"அதாவது இருபத்தஞ்சு நிமிஷம்."

"ஆமா," என்று தரையைப் பார்த்தார் எடிட்டர். "அறுபது பேர் இருந்தோம். ராத்திரி படுத்தா அந்தச் சத்தம்தான் கேக்குது."

பொத்தான் கையிலிருந்த வாக்குமூலங்களை ஒழுங்காக அடுக்கி மடித்தான்.

அப்போது வெளியே எங்கிருந்தோ ஒரு சங்கு நீளமாக ஊதியது. மேடம் நிமிர்ந்தார். "என்னது அது?"

"பக்கத்து மில்லுங்க. தினமும் பதினொண்ணரைக்கு ஊதும். எங்க உயிரை வாங்குது. ஒவ்வொரு நாளும் அதை ஒலியிலேருந்து சுரண்டி எடுக்கிறதே எனக்குப் பொழப்பாப் போச்சு."

"சுரண்டாத ஒலி இருக்கா? வியாழக்கிழமையோடது?"

இருந்தது. போட்டார். கண்ணாடி உடைந்தது. அம்மா வேஷக்காரி பேசினாள், அழுதாள், நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் ஆனதும் சங்கு ஊதியது. திரையில் கடிகாரம் 11.10 காட்டியது.

எடிட்டர் அம்மா படத்தை நிறுத்தினார்.

"மில்லுக்கு அன்னிக்கு அவசரமா?" என்றான் பொத்தான். அப்புறம் அவன் முகம் மாறியது. "மேடம்! இந்த ஆளோட கேம்ல நிறுத்துற பட்டனே கிடையாது. ஆனா தோத்துட்டா, கடைசியா சேவ் பண்ண இடத்துக்குத் திரும்பிப் போயிடலாம். மூலையில ஓடுற கடிகாரமும் நம்மகூடவே பின்னாடி போயிடும். ஆட்டத்துல பத்தே நிமிஷம்தான் ஆகியிருக்கும். பக்கத்துல பாத்தா, என் டீ ஆறி ஆடை கட்டியிருக்கும்."

மேடம் எடிட்டரைப் பார்த்தார். "எங்கேம்மா சேவ் பண்ணீங்க?"

எடிட்டர் அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "வெளிய சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. ஒரே மூச்சுல எடுத்த படம்னு விளம்பரம் பண்ணியாச்சு. கதையில பத்து நாப்பதுக்குக் கரண்ட் போகும். அரை நிமிஷம் கும்மிருட்டு. சொதப்புனா அந்த இருட்டிலேருந்து மறுபடி எடுத்து ஒட்டிக்குவோம். அன்னிக்குப் பத்து அம்பத்திரண்டுக்கு ஹீரோ வசனத்தை மறந்துட்டான். தயாரிப்பாளர் கத்தினார், நாளைக்கு வேற ஆளை வச்சு எடுக்கிறேன்னாரு. எல்லாத்தையும் பழைய இடத்துல வச்சுட்டு, இருட்டிலேருந்து மறுபடி ஆரம்பிச்சோம்."

"எத்தனை மணிக்கு?"

"தெரியாதுங்க. யார்கிட்டேயும் மணி பாக்க ஒண்ணும் இல்லையே. சுவர்ல பத்து நாப்பது."

"நிஜத்துல பதினொண்ணு," என்றார் மேடம். "சங்கு சொல்லுது. அதுக்கப்புறம் செட்டுல எல்லாமே இருபது நிமிஷம் பின்னாடி. கண்ணாடி உடைஞ்சது பதினொண்ணு அஞ்சுக்கு இல்ல, பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு."

"லைட்மேன் பதினொண்ணேகாலுக்கே கேட்டைத் தாண்டிட்டான்!" பொத்தான் எழுந்தே நின்றுவிட்டான். "கேட்காரர் கையில அவரோட சொந்த வாட்ச்."

எடிட்டர் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவரும் எட்டில் ஒருவர். "ஐயோ, நாங்க பொய் சொல்லலைங்க. நாப்பது நாள் ஒத்திகை. அம்மா நாற்காலிகிட்ட வந்தா பதினொண்ணு அஞ்சு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அதான் வாய்ல வரும்."

உண்மைதான். பொய் சொல்பவனுக்கு மணி முன்னப்பின்ன இருக்கும். இவர்கள் கதைக்குள்ளேயே குடியிருந்துவிட்டவர்கள். போலீஸ் ஊர் மணியைக் கேட்டது, இவர்கள் படத்து மணியைச் சொன்னார்கள்.

"அப்ப அடிச்சது யார்?" என்றார் மேடம். "படத்தை விடுங்கம்மா. இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."

11.12க்கு ஹீரோ பின்கதவு வழியே திரும்பி வந்தான். மூச்சு வாங்கியது. தண்ணீர் ஊற்றிக் குடித்தான். டைரக்டர் அன்று இந்த இடத்துக்குச் சத்தமில்லாமல் கை தட்டினாராம்.

"நிறுத்துங்க," என்றான் பொத்தான். "ஒத்திகை டேப்ல இதே இடத்தைக் காட்டுங்க."

ஒத்திகையில் ஹீரோ வலது கையால் கதவைத் திறந்தான், வலது கையால் தண்ணீர் ஊற்றினான். வியாழக்கிழமை எல்லாமே இடது கை. வலது கை பேன்ட் பையில். அதற்கப்புறம் படம் முடியும்வரை அது வெளியே வரவில்லை.

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குன்னு கேப்பாங்க," என்றான் பொத்தான். "இங்க கைப்புண்ணே கண்ணாடியாலதான்."

மேடம் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். ஸ்டேஷன் பழக்கம், நாலே வாக்கியத்தில் முடித்தார். மறுமுனையில் இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டது பொத்தானுக்கே கேட்டது. ஹீரோவின் கையை உடனே போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் லைட்மேனை அப்படியே விட முடியாதாம். 'கடிகாரம் சரி' என்று எழுதிக் கொடுத்த பெரியவர் நேரில் வந்து அதை மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மற்ற ஏழு பேரிடம் மணி மட்டும்தான் கேட்டார்கள். சாவி மாமாவிடம்தான் கடிகாரம் சரியா என்று கேட்டிருந்தார்கள். அன்று முள்ளைத் திருப்பியதும் அவருடைய கைதான்.

செட் காலியாக இருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் வீடு, பின்னால் போனால் பலகையும் ஆணியும். கடிகாரத்தின் முதுகுப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் சாவி மாமா. ஒல்லியான மனுஷர், சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "மில் சங்கு காட்டிக் கொடுத்துடுச்சு ஐயா."

அவர் கடிகாரத்தின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். "நான் பொய் சொல்லலம்மா. கடிகாரம் சரியாத்தான் ஓடுது. ஒரு நாளைக்கு அரை நிமிஷம்கூடப் பிந்தாது."

"அவங்க கேட்டது அது இல்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"உங்க மாப்பிள்ளை ஒண்ணும் பண்ணலன்னும் தெரியும். கொலை கேஸ் ஆனா ஆயுசு முழுக்க உள்ள இருப்பார்னும் தெரியும். தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா." அவர் குரல் உயரவில்லை. "என் பொண்ணு பால் வாங்கப் போனா பன்னெண்டு நிமிஷம்மா. போக அஞ்சு, வர அஞ்சு, கடையில ரெண்டு. அவன் போட்ட கணக்கு. பதிமூணாவது நிமிஷம் ஆச்சுன்னா கேள்வி. பதினஞ்சு ஆச்சுன்னா அடி. பள்ளிக்கூடத்துக்கு இத்தனை, துணி காயப்போட இத்தனை. அவ என்கிட்ட போன்ல பேசினா நாலு நிமிஷம். அஞ்சாவது நிமிஷம் பேச்சு பாதியில நின்னுடும்."

பொத்தான் காலை மாற்றி நின்றான்.

"வேலை நடுவுல அவன் எங்க போறான்னு தயாரிப்பாளருக்குத்தான் தெரியாது, எனக்குத் தெரியாதா? அவ வீட்டுல இருக்காளான்னு பாக்கப் போவான். அன்னிக்கும் அதுக்குத்தான் போனான். அதை எப்படி போலீஸ்கிட்ட சொல்லுவான்? சும்மான்னுட்டான். இந்த வேலையில அவனைச் சேத்துவிட்டவன் நான். அவனுக்குப் பொண்ணைக் கொடுத்தவனும் நான். இன்ஸ்பெக்டர் வந்து கடிகாரம் சரியான்னு கேட்டப்ப, என் பொண்ணு நாலு நாளாவது நிம்மதியாத் தூங்கட்டுமேன்னு தோணுச்சு. சரின்னுட்டேன்."

"தப்புங்க ஐயா. அடிச்சவன் வெளிய சுத்திக்கிட்டு இருந்தான்."

"தப்புதான். ஆனா அவனை வெளிய எடுக்கச் சொல்லி உங்ககிட்ட வந்தவளே அவதான்னு கேட்டப்புறம் எனக்குத் தூக்கமே இல்லம்மா."

வீடு மாடியில் இரண்டு அறை. அவள் கதவைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், உள்ளே வழிவிட்டாள். மேடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"நல்லது," என்றாள் அவள். முகத்தில் ரத்தமே இல்லை.

பொத்தானுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாம் தெரிஞ்சும் ஏன் எங்ககிட்ட வந்தீங்க?"

"பண்ணாத தப்புக்கு ஒருத்தர் உள்ள இருந்தா, அந்தப் பாவத்துல கிடைக்கிற நிம்மதி எனக்கு வேண்டாம்," என்றாள் அவள். "பண்ணின தப்பு வேற. அதுக்கு அவர் பேர்ல நானே புகார் எழுதிக் கொடுப்பேன். முதல்ல பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வெளிய போகணும். மூணு மணி பஸ்ல போனா விடியறதுக்குள்ள சித்தி வீடு. அங்கேருந்து எழுதித் தரேன்." சொல்லிவிட்டு மேடத்தைப் பார்த்தாள். "அவர் எப்ப வீட்டுக்கு வருவார்?"

மேடம் ரைட்டராக இருந்தவர், இந்தக் கேள்விக்குப் பதில் மனப்பாடம். "இப்ப பன்னெண்டே முக்கால். நாங்க ஸ்டேஷன் போக அரை மணி. அப்பா மாத்தி எழுதிக் கொடுக்கணும். அது முடிஞ்சாத்தான் விடுவாங்க. அஞ்சு பத்து வரின்னா கால் மணி நேரம். அங்கேருந்து இங்க வர அரை மணி."

அவள் உதடு அசைந்தது. கூட்டிப் பார்த்தாள். இரண்டு மணிக்கு அவன் வாசலில் நிற்பான். பாப்பாவின் பள்ளிக்கூடம் விடுவதே இரண்டரைக்கு. முன்கூட்டியே அழைத்து வந்தாலும், அவன் நேராகப் போய்த் தேடும் இடம் பஸ் நிலையம்தான்.

சாவி மாமா மகளின் தலைமேல் கையை வைத்தார். "நீ துணியை எடுத்து வைம்மா. எனக்கு எழுத்து அவ்வளவு சீக்கிரம் வராது."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று பெரியவருக்கு நாற்காலி போட்டார். ஹீரோவைப் பிடித்துவிட்டார்களாம். வலது உள்ளங்கையில் ஏழு தையல், இரண்டு கேள்வியிலேயே உடைந்துவிட்டானாம். உள்ளே கம்பிக்குப் பின்னால் லைட்மேன் நின்றுகொண்டு, "எப்ப சார் விடுவீங்க?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

"பெரியவர் ரெண்டு வரி எழுதினதும் போகலாம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

சாவி மாமா பேனாவை வாங்கினார். காகிதத்தை நேராக வைத்தார். ஒவ்வொரு எழுத்தாக எழுத ஆரம்பித்தார். பொத்தான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். பெரியவர் எந்த வயசில் கடிகாரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார் என்பதில் தொடங்கியிருந்தது.

"ஐயா, சுருக்கமா எழுதினாப் போதும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"போன தடவை சுருக்கமா எழுதித்தான் சார் தப்பாப் போச்சு. இந்தத் தடவை ஒண்ணு விடாம எழுதிடறேன்."

மரியாதைக்காக இன்ஸ்பெக்டர் பேசாமல் இருந்தார். இரண்டாம் பக்கத்தில் லைட்மேனுக்கு வேலை வாங்கிக் கொடுத்த நாள் வந்தது. மூன்றாம் பக்கத்தில் பால் கடை வந்தது, பன்னிரண்டு நிமிஷம் வந்தது, நாலு நிமிஷப் போன் வந்தது. இன்ஸ்பெக்டர் எட்டிப் படித்தார். படித்துவிட்டு உள்ளே கம்பிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் அவரும் அவசரப்படுத்தவில்லை, ஒரு டீ சொல்லிவிட்டுத் தம் நாற்காலிக்குப் போனார்.

"சார், மணி என்னாச்சு சார்?" என்றான் லைட்மேன்.

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். இருபது வருஷத்தில் இப்படி ஒரு வாக்குமூலத்தைத் தாம் எழுதியதில்லை என்று அவர் நினைத்திருக்கலாம், பொத்தான் கேட்கவில்லை.

ஐந்தாம் பக்கத்தில் மில் சங்கு ஊதியது. அதோடு எல்லாம் முடிந்துவிட்டது. பெரியவர் பேனாவைக் கீழே வைக்காமல் நிமிர்ந்து ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஐம்பத்தெட்டு. மறுபடி குனிந்து, முதல் பக்கத்திலிருந்து தாம் எழுதியதை விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினார். ஒரு காற்புள்ளி போட்டார். ஒரு சுழியைச் சரி செய்தார்.

மேடத்தின் செல்போன் ஒரு தடவை அடித்து நின்றது. அவர் திறந்து பார்த்துவிட்டுப் பெரியவரிடம் வெறுமனே தலையை ஆட்டினார்.

சாவி மாமா கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் தேதி போட்டு, மணி மூன்று ஏழு என்று எழுதினார்.